செஞ்சதா, திருத்துனதா?

"இந்தக் கார யாரு செஞ்சது?" என்று அப்புத்தளைக் கடைத்தெருவில் யாராவது கேட்டுவிட்டால் போதும். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு ஆக நேரமாகும்.

"நான்தான்" என்பேன்.

பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரர் தேவதாசன் தொண்டையைச் செருமுவார்.

"சரி, நாங்க."

இன்னொரு செருமல்.

"என்னா செருமல்? நான் சொன்னேன், நீங்க முடுக்குனீங்க. சொல்லாம முடுக்கியிருப்பீங்களா?"

"பாத்தீங்களா" என்பார் அவர், கேட்ட ஆளைப் பார்த்து. "புள்ளயப் புடிச்ச மிட்வைஃபு, நான்தான் பெத்தேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவர் அப்படிச் சொல்வதில் ஒரு குத்து இருக்கிறது. நான் தோட்டத்து மருத்துவிச்சியாக முப்பத்திநாலு வருடம் இருந்தவள். பிரான்சிஸ்கா என்ற பெயர் சம்பளத் துண்டில் மட்டும் இருந்தது. மலை முழுக்க நான் மிட்வைஃப் அம்மா. அவர் அதே தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெஷின் பார்த்தவர். அவர் பார்த்த மெஷின்களில் எல்லாம் செய்த கம்பெனியின் பெயரைப் பித்தளையில் அடித்திருப்பார்கள். நான் பிடித்த பிள்ளைகளில் ஒன்றில்கூட என் பெயர் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் தகப்பனுக்குக் கட்டம் உண்டு, தாய்க்குக் கட்டம் உண்டு, பதிந்தவருக்குக்கூட உண்டு. முழங்காலில் நின்றவளுக்கு இல்லை. இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று முப்பத்திநாலு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கார் எங்களிடம் காராக வரவில்லை. ஆறு பெட்டிகளாக வந்தது. எல்லவில் பங்களா வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் அவற்றைத் தன் ஊரிலிருந்து இறக்கி, சுங்க வரியும் கட்டி, ஒரு பெட்டியைக்கூட உடைக்காமல் பல வருடம் வைத்திருந்தார். பிறகு வயதாகி ஊருக்கே திரும்பிவிட்டார். பங்களாவின் ஜெனரேட்டரை என் வீட்டுக்காரர் அடிக்கடி பார்த்துக் கொடுத்த நன்றிக்கு, போகும்போது பெட்டிகளை இவர் பெயருக்கு எழுதி, சுங்கத் துண்டையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இரும்புச் சட்டம், ஃபைபர் உடம்பு, சாக்குக் கணக்கில் நட்டு போல்ட்டு, எண்பது பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகம். எஞ்சின் இல்லை. ஒரு பழைய மொறிஸ் மைனர் காரைத் தேடிப் பிடித்து அதன் எஞ்சினையும் கியர் பெட்டியையும் போட்டுக்கொள்ளும்படி புத்தகம் சொன்னது. கூரையும் இல்லை. மழைக்கு கான்வஸ் கூரை விரும்புகிறவர்கள் தனியாக எழுதி எடுக்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. விரும்புகிறவர்களாம்! அந்த ஊர் மழை ஆளைக் கேட்டுக்கொண்டு பெய்யும் போலிருக்கிறது.

இங்கிலீஷ் எனக்கு வாசிக்க வரும். இவருக்கு வராது; இரும்பு வரும். ஆகவே நான் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தேன். இவர் கீழே படுத்துக்கொண்டு கேட்டார்.

"அடுத்தது என்னா?"

"இடது பக்கத்து நீட்டுக் கம்பிய, கையால மட்டும், மெதுவா ஏத்தணுமாம்."

"எவ்வளவு மெதுவா?"

"அது போடல. தலை வெளிய வர்றப்ப புடிக்கிற மாதிரி புடிங்க."

"யாரு தலை?"

"புள்ள தலை."

"எனக்கு அது எப்பிடித் தெரியும்? நான் எத்தன புள்ள புடிச்சேன்?"

"அப்ப முட்டையப் புடிக்கிற மாதிரி புடிங்க. அதுகூடவா தெரியாது?"

இப்படி ஏழு மாதம். பதினெட்டாம் பக்கத்தையும் பத்தொன்பதாம் பக்கத்தையும் நான் ஒன்றாகப் புரட்டிவிட்டதால் ஒரு மாதம் வீண். அதை இவர் எல்லோரிடமும் சொல்வார். நான் சொல்வதில்லை. மொறிஸ் ஒன்று ஹல்துமுல்லையில் ஒரு வீட்டின் பின்னால் கோழிக் கூடாகக் கிடந்தது. கோழிகளை விரட்டி, எஞ்சினைக் கழற்றி, அதன் பழைய பதிவுப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு வந்தோம். கடைசி நாள் எஞ்சின் இருமி, துப்பி, ஓடியபோது இவர் கண்ணைத் துடைத்தார். நான் கடைசிப் பக்கத்தை மூடி, "நான் செஞ்ச கார்" என்றேன். முதல் பெட்டியை உடைத்த நாளில் தொடங்கிய சண்டை அன்றைக்கு இன்னும் பலத்தது.

பதிவு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து தந்தது உதிரிப்பாகக் கடை ஷுக்ரி. அதில் நாலாவது வரியில் "தயாரித்தவர் பெயர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. மறு பக்கம் முழுக்க வரி, வரி என்று இருந்தது. அதுவும் படவில்லை.

"அன்டி, அந்தக் கட்டத்தில பேர் போடவாணாம்" என்றான் ஷுக்ரி. அவன் பேச்சில் 'இருக்கு' எல்லாம் 'ஈக்கி' ஆகிவிடும்.

"ஏன்?"

"போட்டா நீங்க தயாரிப்பாளர். தயாரிப்பாளர் ஈந்தா அது புதுக் கார். புதுக் காருக்கு வரி ஈக்கி."

"எவ்வளவு?"

"கார்ட பெறுமதியப் பாத்துப் போடுவாங்க. லேசில வராது. மொறிஸ்ட பழைய புத்தகம் அங்கிள்ட கையில ஈக்கிதானே? அந்தக் காரத்தான் திருத்தினோம்னு சொல்லுங்க. சின்னக் கட்டணத்தோட முடிஞ்சிரும்."

"மொறிஸ்ல எஞ்சினும் கியர் பெட்டியும்தானே எடுத்தோம்? மத்ததெல்லாம் புதுசு."

"பாத்தீங்களா! அந்தச் சொல்லுதான் அன்டி. புதுசுங்கிற சொல்லு உங்கட வாயில வரவே வாணாம். சிங்களத்திலயும் வாணாம்."

வீட்டுக்கு வந்ததும் இவர் விஷயத்தை ஒரே கேள்வியாக்கினார். பண்டாரவளையில் லொறிக் கூடாரம் தைக்கிறவரிடம் எங்கள் காருக்கு ஒரு கான்வஸ் கூரை பேசி வைத்திருந்தோம். அதற்காக நான் சீட்டு எடுத்து வைத்திருந்தேன். கையில் இருந்தது அது ஒன்றுதான்.

"வரி கட்டுனா கூரை இல்ல. கூரையா, பேரா? ஒண்ணச் சொல்லு."

"கூரை" என்றேன். அப்புத்தளையில் இருப்பவள் வேறு என்ன சொல்ல முடியும்? மத்தியானம் இரண்டு மணிக்கு மூடுபனி வாசலில் நின்று கூப்பிடாமல் நேரே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிற ஊர் இது.

ஆனால் அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். பார்ப்பதற்குத்தான். பிறகு அழித்துவிட்டேன். அழித்த இடம் தாளின் மற்ற இடத்தைவிட வெள்ளையாகத் தெரிந்தது.

நம்பர் இல்லாத காரை ரோட்டில் ஓட்ட முடியாது. ஆகவே கார் பதுளையில் இருக்கிற பதிவு அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, லொறியில் போனது. கிருபாகரனின் மரக்கறி லொறி. கிருபாகரன் நாற்பது வயது ஆள். நான் பிடித்த பிள்ளை. பிறக்கும்போதே சத்தம் அதிகம். கோவா மூட்டைகளுக்கும் லீக்ஸ் கட்டுகளுக்கும் நடுவில் காரை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினான். நாங்கள் இரண்டு பேரும் அவனோடு முன்னால் ஏறினோம்.

"அம்மா, இத யாரு செஞ்சது?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"கந்தோர்லதானே சொல்லக்கூடாது? லொறியில சொல்லலாம்தானே?" என்று இவரிடம் மெதுவாகக் கேட்டேன். பதில் வருமுன் கிருபாகரனிடம் தொடங்கிவிட்டேன். பண்டாரவளையில் முதல் பெட்டியை உடைத்தேன்; ஹாலிஎலைக்கு வரும்போது எஞ்சின் இருமியது. நடுவில் நீட்டுக் கம்பி, முட்டை, எல்லாம் வந்தது. பதினெட்டாம் பக்கத்தை மட்டும் சொல்லவில்லை.

"நீங்க பெரிய ஆளும்மா" என்றான் கிருபாகரன்.

ஹாலிஎல தாண்டியதும் இவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார்.

"என்னா இது?"

"இஞ்சி டொபி. வாயில போடு. கந்தோர் வேலை முடியிற வரைக்கும் கடிக்காத."

"யாராச்சும் கேள்வி கேட்டா?"

"நான் பேசுறேன்."

"உங்க சிங்களத்துலயா?"

"ஸ்டோர்ல முப்பது வருஷம் பேசியிருக்கேன்."

"ஸ்டோர்ல நீங்க பேசுனது மெஷினோட."

பலகை போட்டுக் காரை இறக்கியதும் பதிவுக் கந்தோரின் வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். ஜன்னலில் இருந்த அதிகாரியும் வந்தார். நல்ல மனிதர், சிங்களவர், நெற்றியில் கண்ணாடியை ஏற்றியிருந்தார். காரைச் சுற்றி வந்தார். ஆசனத்துக்கு அடியில் கையை விட்டு ஒரு லீக்ஸை எடுத்துப் பார்த்து, பத்திரமாக அங்கேயே திரும்ப வைத்தார்.

"கவுத மேக்க ஹெதுவே?" என்றார். யார் இதைச் செய்தது என்று அர்த்தம். இது எனக்கு அன்றைக்கு மத்தியானம்தான் தெரிந்தது.

இவர் பேச வாயைத் திறந்தார். செருமல் வந்தது. ஏழு மாதமாக எனக்காகச் செருமிச் செருமித் தொண்டை அதற்கே பழகிவிட்டது. செருமிவிட்டு, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் டொபியைக் கன்னத்துக்கு ஒதுக்கினேன்.

இந்த இடத்தில் என் சிங்களத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹதனவா என்கிற சொல்லை நான் கற்றது ரேடியோக் கடையிலும் சைக்கிள் கடையிலும். உடைந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஹதலா தென்னம், திருத்தித் தருகிறேன், என்பார்கள். திருத்துவதற்கு இன்னொரு சொல்லும் எனக்குத் தெரியும்: அலுத்வெடியா. கந்தோருக்கு ஏற்ற சொல். ஆனால் அதன் முன்பாதியில் அலுத் இருக்கிறது. அலுத் என்றால் புதுசு. புதுசு என்ற சொல் சிங்களத்திலும் என் வாயில் வரக்கூடாது என்று ஷுக்ரி சொல்லியிருந்தான் அல்லவா? ஆகவே மிகவும் கெட்டிக்காரத்தனமாக அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு, மற்றதை எடுத்தேன்.

பெருமை இல்லாமல், தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, பூசைக்கு நிற்கிற மாதிரி நின்று சொன்னேன்:

"அபி கெதரதி ஹெதுவா, மாத்தயா."

நாங்கள் வீட்டில் வைத்துத் திருத்தினோம், ஐயா. அப்படித்தான் நான் நினைத்தேன்.

"கெதரதி ஹெதுவா?" அவருடைய கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "ஹரி ஷோக்!" பிரமாதம் என்று அர்த்தம்.

இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைக் கும்பிட்டார். உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். ஒரு திருத்த வேலைக்குப் பதுளையில் இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருமை பேசாமல் இருந்தேன், பார், எவ்வளவு பலன் என்றுகூட நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் றுஸைனா என்ற உத்தியோகத்தர் பெண் ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். தமிழ் பேசுகிறவள்.

"அம்மா, வாழ்த்துக்கள். வீட்டிலயே முழுக் காரையும் செஞ்சிருக்கீங்களாமே. சேர் எல்லாருக்கும் சொல்லிட்டார். இந்தாங்க, இது வரிப் பத்திரம்."

டொபி முழுசாகத் தொண்டைக்குள் போய்விட்டது.

"செஞ்சோம்னு யாரு சொன்னது?"

"நீங்கதானே சொன்னீங்க, ஹெதுவான்னு?"

"திருத்துனோம்னு சொன்னேன் மகள்!"

"ஹெதுவான்னா ரெண்டும்தானேம்மா. திருத்தினதுக்கும் அதுதான், செஞ்சதுக்கும் அதுதான். புள்ள வளத்ததுக்கும் அதையேதான் சொல்றது. காரக் காட்டிச் சொன்னா செஞ்சதுன்னுதான் எடுப்பாங்க. திருத்தினதுன்னா நீங்க அலுத்வெடியான்னு சொல்லியிருக்கணும்."

"ஏன் அதச் சொல்லல? தெரியும்தானே ஒனக்கு?" என்றார் இவர். தொண்டை இப்போது நன்றாக வேலை செய்தது.

"அதுல அலுத் இருக்கே" என்றேன்.

"வெடியும் இருக்கு. இப்ப வெடிச்சிருச்சு."

யோசித்துப் பாருங்கள். ஏழு மாதம் உண்மையைப் பெருமையாகச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. ஒரே ஒரு நாள் பணிவாகப் பொய் சொன்னேன், சிங்களம் அதைத் திருப்பி உண்மையாக்கி எழுதியும் கொடுத்துவிட்டது.

றுஸைனா இரக்கமுள்ள பிள்ளை. பேனாவை மூடிவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"இன்னும் முத்திரை அடிக்கல. தமிழ்ல தெளிவாச் சொல்லுங்க, நான் சேருக்கு விளங்கப்படுத்துறேன். செஞ்சதா, திருத்துனதா?"

கதவு திறந்திருந்தது. ஒரே சொல். திருத்துனது என்றால் சின்னக் கட்டணம், கூரை, வீடு. இவர் என் முழங்கையில் விரலால் தட்டினார். நான் வாயைத் திறந்தேன்.

"என்னாம்மா யோசிக்கிறீங்க?" என்று பின்னாலிருந்து கிருபாகரன் சத்தமாகக் கேட்டான். வரிசை முழுக்கத் திரும்பியது. "பண்டாரவளையில இருந்து ஹாலிஎல வரைக்கும் நீங்கதானே செஞ்சதுன்னு சொன்னீங்க? கையால மெதுவா, முட்டை மாதிரின்னு? சொல்லுங்க சத்தமா!"

மனச்சாட்சி பேசியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனால் பேசியது மனச்சாட்சி இல்லை. அத்தனை பேர் முன்னால், என் வாயாலேயே, என் ஆறு பெட்டியையும் மூடி ஆணியடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

"செஞ்சது" என்றேன்.

"போச்சு கூரை" என்றார் இவர்.

"பெட்டிக்கெல்லாம் சுங்கம் கட்டுன துண்டு இருக்கு மகள்" என்று அவளிடம் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். "ஒரே சாமானுக்கு ரெண்டு தரம் வரியா?"

"அது சாமானுக்குக் கட்டினதும்மா. இது காருக்கு."

"சாமானும் காரும் ஒண்ணுதானே?"

"சாமானக் காரா மாத்தினது நீங்கதானே? அதுக்குத்தான் இந்த வரி."

ஏழு மாதமாக நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான். கட்டிய வீட்டுக்காரருக்குப் புரியாதது வரிக்குப் புரிந்திருந்தது.

"பெறுமதி என்ன போடலாம்?" என்று கேட்டாள் றுஸைனா.

இவர் முந்திக்கொண்டார். "பெறுமதியா? குப்பை, மகள். பழைய இரும்பு. கோழிக் கூட்டுல கெடந்த எஞ்சின். பாருங்க, கூரைகூட இல்ல. லீக்ஸ் போடத்தான் ஆகும்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். டொபி வேறு தீர்ந்துவிட்டது.

"குப்பையா? எது குப்பை? ஒவ்வொரு நட்டையும் நான் பேர் சொல்லிக் குடுத்தேன். எட்டு லச்சம் தாறேன்னு ஒருத்தன் வந்து நின்னாலும் குடுக்க மாட்டேன்!"

"எட்டு லச்சம்னு எழுதவா அம்மா?"

"யாரு கிட்டயாச்சும் இன்னொரு டொபி இருக்கா?" என்று இவர் வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

நல்ல வேளை, நான் சொல்கிற விலை அங்கே செல்லாது. காரைப் பார்த்துப் பெறுமதி சொல்ல ஒருவர் இருந்தார். அவர் குனிந்தார், தட்டினார், கதவைத் திறந்தார், கதவு கையோடு வந்தது, அதை மாட்டிவிட்டு ஒரு தொகையை எழுதினார். நான் சொன்னதில் பாதிக்கும் குறைவு. வரியும் அதற்கேற்பக் குறையும் என்று றுஸைனா சிரித்துக்கொண்டே சொன்னாள். சந்தோஷப்பட வேண்டியவள் நான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"ஏன் மகள், அவ்வளவுதானா? அந்த ஆள் திரும்பப் பாக்க மாட்டாரா?"

"பேசாம இரு பிரான்சி. திரும்பப் பாத்தா மத்தக் கதவும் வரும்."

கடைசியில் அந்தக் கட்டத்துக்கு வந்தோம். நாலாவது வரி. றுஸைனா பென்சில் அழித்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேனாவைத் திறந்தாள்.

"தயாரித்தவர் பெயர். ஒருத்தர் பேர்தான் போடலாம். யாரு பேர போடுறோமோ அவங்க பேர்லதான் வரி வரும். பிறகு ஏதாவது விசாரிக்கணும்னாலும் அவங்களத்தான் கூப்பிடுவாங்க."

இவர் செருமவில்லை.

"பிரான்சிஸ்கா" என்றார், கணீரென்று. "எழுதுங்க மகள். முழுக்க முழுக்க இவங்கதான். நான் சும்மா கீழ படுத்திருந்தேன்."

"நெசமாவா ஐயா?"

"சத்தியமா. எனக்கு இங்கிலீஷே தெரியாது."

ஏழு மாதம் கொட்டகையிலும் கடைத்தெருவிலும் கேட்டுக் கிடைக்காத பெயர், வரி என்றதும் அரை நிமிடத்தில் கிடைத்தது. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"நானே எழுதுறேன் மகள்."

"இங்கிலீஷ்ல, பெரிய எழுத்தில, தெளிவா எழுதுங்கம்மா."

எழுதினேன். அதற்குப் பிறகு அடுத்த ஜன்னலில் கூரையை நோட்டு நோட்டாக எண்ணிக் கொடுத்தேன். மிஞ்சியதில் மூன்று பேருக்கும் தேத்தண்ணியும் வடையும் சரியாகப் போயிற்று. மரக்கறி இறக்கிய லொறியில் காரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகிற கூலியைக் கிருபாகரன் வாங்க மறுத்துவிட்டான். "நீங்க என்னயப் புடிச்சதுக்கு" என்றான். போகிற வழியில் ஹாலிஎலையில் இவர் ஒரு தடவை, "பெரிய தயாரிப்பாளர்" என்றார்.

பதிவுப் புத்தகமும் நம்பர் தகடும் வர ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆனது. தபால்காரர் வந்தபோது நான் மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். இவர் முதலில் உறையைக் கிழித்து, நாலாவது வரியில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். முக்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

"என்னா?"

"ஒனக்கு ஆம்பள பேரு வந்திருக்கு."

தயாரித்தவர் பெயர்: FRANCISCO. பிரான்சிஸ்கோ.

அன்றைக்கே றுஸைனாவுக்கு ஃபோன் எடுத்தேன். நம்பரை அவளே தந்திருந்தாள். "மகள், அங்க யாரோ பிழையாத் தட்டியிருக்காங்க. கடைசியில ஏ வரணும், ஓ போட்டிருக்கு."

"கொஞ்சம் இருங்கம்மா, உங்கட தாள எடுத்துப் பாக்கிறேன்."

சிறிது நேரத்தில் ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. என் கையெழுத்து. முப்பத்திநாலு வருடம் நான் எழுதிய குறிப்புகளை வாசிக்க முடியாமல் தோட்டத்து டொக்டர் என்னையே கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார், அதே கையெழுத்து. கடைசி எழுத்து முட்டை மாதிரி உருண்டு நின்றது. யார் பார்த்தாலும் ஓ என்றுதான் சொல்வார்கள். நானே அப்படித்தான் வாசித்தேன்.

"இது நான் போட்ட ஓ-தான் மகள்" என்றேன்.

"பரவாயில்லம்மா. அதுக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கு. கட்டணம் கொஞ்சம்தான். திருத்தட்டுமா?"

நான் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு இவரைப் பார்த்தேன். "திருத்தவான்னு கேக்கிறா."

"திருத்துனதுன்னு சொல்றதா இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கலாம். கூரையாவது இருந்திருக்கும்."

அதுவும் சரிதான்.

"வேணாம் மகள்" என்றேன். "செஞ்சது செஞ்சதாவே இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு கோயிலுக்குக் காரில் போனோம். போகும்போது வெயில். பூசை முடிந்து வெளியே வரும்போது மூடுபனி வந்து, அதற்குப் பின்னாலேயே மழையும் வந்துவிட்டது. இவர் ஓட்ட வேண்டும். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேல் தண்ணீர் விழாமல் நான் குடை பிடிக்க வேண்டும். குடை ஒன்று, ஆட்கள் இரண்டு, காற்று நாலு பக்கம். ஸ்டேஷன் ரோட்டில் கால்நடையாகப் போகிறவர்களே எங்களைத் தாண்டிப் போனார்கள்.

ஷுக்ரி கடை வாசலில் மழைக்கு ஒதுங்கிப் பத்துப் பேர் நின்றார்கள். அவன் கையை வாயில் குவித்துக் கத்தினான்:

"அன்டி! கூர எங்க? இந்தக் கார யாரு செஞ்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் வேகத்தைக் குறைத்து, செருமத் தயாராகத் தலையை என் பக்கம் சாய்த்தார். என் சேலை முந்தானையிலிருந்து தண்ணீர் கியர் பெட்டி மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிரான்சிஸ்கோன்னு ஒரு ஆளு!" என்று நானும் கத்தினேன். "புத்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கு! எங்கயாச்சும் கண்டா அனுப்பி வைங்க, கூரையப் பத்திக் கொஞ்சம் பேசணும்!"

கடை வாசல் சிரிப்பு வளைவு வரைக்கும் கூடவே வந்தது. இவர் செருமவில்லை. வளைவு திரும்பியதும் சொன்னார்:

"குடைய இந்தப் பக்கம் சாய் பிரான்சிஸ்கோ, ரோடு தெரியல."